இருநூற்று ஐம்பது

டிசம்பர் பிறந்துவிட்டால் செகந்திராபாத்தை ஒட்டிய மௌலா அலிப் பக்கம் காலை ஏழு மணி வரைக்கும் குன்று கண்ணுக்குத் தெரியாது. பனியும் அடுப்புப் புகையும், ஷெட்டில் நிற்கும் எஞ்சின்களின் டீசல் வாடையும் ஒன்றாகக் கலந்து ரயில்வே குடியிருப்பின் கூரைகளுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தொங்கும். அந்த நேரத்தில்தான் மணிவண்ணன் மகள் சுஷ்மாவை எழுப்புவான். பல் துலக்குவதற்கும் பால் குடிப்பதற்கும் முன்னால் அவள் மீட்டரை ஊதியாக வேண்டும்.

மீட்டர் என்று அந்த வீட்டில் சொல்லப்பட்டது ஒரு சாண் நீளமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் வாய் வைக்கிற அட்டைச் சுருள். மேலே வரிசையாக எண்கள், அவற்றின் ஓரமாக நகரும் ஒரு சிவப்பு முள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரே அடியாக ஊதினால் முள் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அவ்வளவுதான் அன்றைக்கு மூச்சுக் குழாய் திறந்திருக்கிறது. மூன்று தடவை ஊத வேண்டும். மூன்றில் பெரியதை எழுத வேண்டும். சுஷ்மாவின் உயரத்துக்கு இருநூற்றுப் பத்துக்கு மேலே பச்சை, நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள். இதையெல்லாம் டாக்டர் ஒரு தரம்தான் சொன்னார். மணிவண்ணன் மறுநாளே கிராஃப் தாள் வாங்கிவந்து, மூன்று நிறத்தில் கோடு போட்டு, கழற்றி எடுக்கிற மாதிரி பீரோக் கதவின் உட்புறத்தில் மாட்டிவைத்தான்.

அளவெடுப்பது அவனுக்குத் தொழில். லாலாகூடா பணிமனையில், சக்கரப் பிரிவில் பதினெட்டு வருஷமாக ஃபிட்டர். ஓடி ஓடித் தேய்ந்து வருகிற ரயில்பெட்டிச் சக்கரங்களின் விளிம்பில் கேஜை வைத்துப் பார்த்து, எது இன்னும் ஓடலாம், எது கடைசலுக்குப் போக வேண்டும், எது இனி ஆகவே ஆகாது என்று சாக்கட்டியால் எழுதுகிற வேலை. அவன் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்துத் திருத்தியதில்லை. ஒரு மில்லிமீட்டர் தப்பினால் எங்கேயோ ஒரு வளைவில் பெட்டி தடம் புரளும் என்பதை அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மனதில் வாங்கிக்கொண்டவன்.

ஆனால் மீட்டர்மீது அவனுக்கிருந்த பிடிப்புக்குத் தொழில் மட்டும் காரணமில்லை. சொந்த ஊரான ஜோலார்பேட்டையில் அவனுக்கு ஒரு தம்பி இருந்தான், ஒன்பது வயது. குணா. ஒரு மழைநாள் மத்தியானம் அவனுக்கு இழுப்பு வந்தது. சுக்குக் காபி கொடுத்து, மார்பில் தைலம் தடவி, இப்போது தேவலை, நன்றாகத்தான் இருக்கிறான், தூங்கட்டும் என்று பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சாயங்காலம் எழுப்பப் போனபோது அவன் எழுந்திருக்கவில்லை. தேவலை என்று சொன்ன அத்தனை பேரையும் மணிவண்ணன் மனதுக்குள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் ஒரு அளவுகோல் இருந்திருந்தால் தம்பி பிழைத்திருப்பான் என்று அவன் நம்பினான். அதனால் சுஷ்மாவுக்கு ஐந்து வயதில் இழுப்பு ஆரம்பித்தபோது, அவனுக்கு யார் பேச்சும் காதில் ஏறவில்லை. மழை தொடங்கும் மிருகசிரா கார்த்தி அன்றைக்கு, இழுப்புக்கென்று உயிர்மீனோடு விழுங்கத் தருகிற மருந்துக்கு இரண்டு வருஷம் வரிசையில் நின்றதுகூட மனைவி நீலாவின் வற்புறுத்தலால்தான். மீட்டர் கைக்கு வந்த பிறகுதான் அவனுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

போன ஆகஸ்டில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். நீலா வீட்டிலேயே துணி தைப்பவள். ரயில்வே பள்ளிக்கூடத்துச் சீருடைகள், ரவிக்கைகள், திரைச்சீலைகள் என்று முன்னறை ஜன்னலோரத்தில் காலால் மிதிக்கிற மெஷின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மழை விடாமல் பெய்த அந்த மாதத்தில் ஒருநாள் முள் நூற்று முப்பதில் நின்றது. சிவப்பு. மணிவண்ணன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மெஷின் அடியில் கிடந்த நூல் பிசிறைக் கை நிறைய அள்ளி நீலாவின் முன்னால் நீட்டினான். இதைத்தான் பிள்ளை மூச்சில் இழுக்கிறது, அம்மாவே விஷம் வைக்கிறாள் என்று சொன்னான். பிறகு அந்த மெஷினை ஒற்றையாளாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத் தாழ்வாரத்தில் போட்டான். சாரலில் பெல்ட் நனைந்து ஊறியது. நீலா பன்னிரண்டு நாள் அவனோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சுஷ்மா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

செப்டம்பரில் முள் ஏற ஆரம்பித்தது. இருநூற்று இருபது, இருநூற்று நாற்பது, பிறகு தினமும் இருநூற்று ஐம்பதுக்குப் பக்கத்திலேயே. மணிவண்ணன் தான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டான். அக்டோபரில் செகந்திராபாத் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மூச்சைச் சோதிக்கிற அறையின் கருவி பழுது பார்க்கப் போயிருந்தது. டாக்டர் ப்ரியம்வதா ஸ்டெத்தை வைத்துப் பார்த்தார். கிராஃப் தாளைப் பிரித்துப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காக எந்தத் தகப்பனும் எழுதிக் கொண்டுவந்ததில்லை என்று பாராட்டிவிட்டு, காலையும் மாலையும் உறிஞ்சுகிற தடுப்பு மருந்தைப் பாதியாகக் குறைத்தார். அந்தச் சந்தோஷத்தில் தசரா முடிந்ததும் மணிவண்ணனே மெஷினைத் துடைத்து, புது பெல்ட் மாட்டி, பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தான்.

ஜனவரி இரண்டாம் வாரம். சங்கராந்திக்கு நான்கு நாள் இருந்தது. நீலா சுஷ்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது. மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு, ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் வந்தாள்.

“இந்தாங்க, அவ முதுகுல கை வெச்சுப் பாருங்க. உள்ள பூனக்குட்டி கத்தற மாதிரி இருக்குது.”

“காலைல இருநூத்தி அம்பத்தஞ்சு ஊதினா. நீயுந்தான பாத்துக்கினு இருந்த?”

“பாத்தேன். ஆனா மாடிப்படி ஏறிட்டு வந்தா நின்னு மூச்சு வாங்குது. ராத்திரில ரெண்டு தலகாணி கேக்குது.”

“தம்பி விசயத்துலயும் இப்டித்தான். ஆளாளுக்குக் காது வெச்சுக் கேட்டாங்க, கை வெச்சுப் பாத்தாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணியும் தெரியல.” அவன் குரலை உயர்த்தவில்லை. “முள்ளு சொல்லுது நல்லாக்கீதுன்னு. நீ இன்னாத்துக்கு இல்லாததக் கெளப்பற?”

நீலா ஜன்னலோரம் போனாள். மெஷினில் பாதித் தைத்த சீருடை கிடந்தது. பேச்சு வளர்ந்தால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

சுஷ்மா அப்போது பள்ளிக்கூடத்து கோ-கோ அணியில் இருந்தாள். ஒல்லி உடம்பு. கம்பத்தைச் சுற்றி வளைந்து ஓடுகிறபோது எதிராளி கைக்குச் சிக்கமாட்டாள் என்று பேர். பச்சைக்குக் கீழே போனால் மைதானம் கிடையாது என்பது அப்பாவின் சட்டம். செப்டம்பரிலிருந்து ஒருநாள்கூட அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோ வரும். உடம்பு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறது என்கிற அர்த்தத்தில் “பாகுந்தி மா” என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

போகி அன்றைக்குக் குடியிருப்புப் பையன்கள் விடியற்காலையிலேயே நாற்சந்தியில் தீ மூட்டினார்கள். பழைய பாய், உடைந்த நாற்காலி, கடைசியில் இரண்டு லாரி டயர். டயர் பிடித்துக்கொண்டதும் கன்னங்கரேலென்று கிளம்பிய புகை பனியைத் தாண்டி மேலே போக முடியாமல் வீட்டுக்குள் புகுந்தது. நீலா ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிட்டாள். சகினால் முறுக்குக்குப் பிசைந்து வைத்திருந்த அரிசி மாவை அப்படியே மூடி வைத்துவிட்டாள், எண்ணெய்ப் புகையும் சேர வேண்டாமென்று. சுஷ்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கின. மணிவண்ணன் மீட்டரைக் கொண்டுவந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாங்கி ஊதினாள். இருநூற்று ஐம்பது.

அவன் எழுதிக்கொண்டான். எழுதிவிட்டும் நகராமல் அங்கேயே நின்றான். முதல்முறையாக அவனுக்கு அந்த எண்ணும் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையும் ஒட்டவில்லை. மீட்டர் பழுதாகிவிட்டதோ என்று தானே ஒருமுறை ஊதிப் பார்த்தான். ஐந்நூற்று நாற்பது. மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

பண்டிகை முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு முறை. மூவரும் ரயிலேறி, செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனார்கள். வழியெல்லாம் சாலையைக் கிழித்துப் போட்டிருந்தார்கள், கேபிள் பதிக்க. மாதாப்பூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகளின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. நீலா மகளின் மூக்கையும் வாயையும் முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சைச் சோதிக்கிற அறையில் சபீனா என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, தலையில் இறுக்கிச் சுற்றிய துப்பட்டா. மணிவண்ணன் சிஸ்டர் என்று கூப்பிட, தான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன் என்று திருத்தினாள். அவன் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரித்தாள். அவளுக்கு வாணியம்பாடி. ஜோலார்பேட்டைக்காரர் என்றால் ஒரே ஊர்தான் என்று சிரித்துவிட்டு, சுஷ்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை புதுக் கருவி ஒன்று வந்திருந்தது. ஊதுகிற மூச்சில் கலந்திருக்கும் ஒருவகை வாயுவை அது அளக்கும். மூச்சுக் குழாயின் உள்சுவர் எவ்வளவுக்கு எவ்வளவு வெந்து வீங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த வாயு கூடும் என்று சபீனா சொன்னாள். குழந்தைகளுக்கு இருபதுக்குள் இருந்தால் நல்லது. முப்பத்தைந்தைத் தாண்டினால் உள்ளே நெருப்பு இருக்கிறது என்று அர்த்தம். இதில் வேகமாக ஊதக் கூடாது. மெதுவாக, ஒரே சீராக, ஆறு வினாடி ஊத வேண்டும். திரையில் ஒரு படகு தெரியும், அது இரண்டு கோட்டுக்கு நடுவிலேயே போக வேண்டும்.

சுஷ்மா வாயை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். கருவி கீச்சென்று கத்தி, படகு திரையைவிட்டே போய்விட்டது. சபீனா அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவா, பாயசம் ஆத்தற மாதிரி, என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது தடவை நான்கு வினாடியில் மூச்சு அறுந்தது. மூன்றாவது தடவை, கண்ணில் நீர் முட்ட, ஆறு வினாடியும் ஊதி முடித்தாள். கருவி கொஞ்சநேரம் யோசித்தது. எண் வந்தது.

எண்பத்து நான்கு.

மணிவண்ணன் அது வேறு யாருடையதோ என்று நினைத்தான். சபீனா அடுத்த கருவிக்குக் குழாயை மாற்றினாள். இது பழைய சோதனை. மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு, வேகமாக ஊதி, உள்ளேயிருக்கிற காற்றைக் கடைசிவரை வெளியே தள்ள வேண்டும். வாயால் தள்ளக் கூடாது, நெஞ்சிலிருந்து வர வேண்டும் என்று சபீனா அழுத்திச் சொன்னாள். சுஷ்மா ஊதினாள். திரையில் நேராக இறங்க வேண்டிய கோடு நடுவில் கிண்ணம்போலக் குழிந்தது. முதல் வினாடியில் வர வேண்டிய காற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்திருந்தது.

இரண்டாவது ஊதலில் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. இருமி இருமி முன்னால் கவிழ்ந்தவளின் கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும். உதடு வெளுத்தது. நீலா ஓடிவந்து பிடித்தாள். சபீனா ஒரு கையால் மணியை அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் பிள்ளையின் விரலில், ரத்தத்து ஆக்சிஜனை அளக்கிற கவ்வியை மாட்டினாள். தொண்ணூறுக்கும் கீழே, எண்பத்தெட்டு. டாக்டர் வந்தார். நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் கட்டினார்கள். மருந்துப் புகை குபுகுபுவென்று மாஸ்க்கின் ஓரங்களில் கசிந்தது. மணிவண்ணன் கதவருகே சுவரோடு சுவராக நின்றான். ஜோலார்பேட்டை வீட்டின் ஈரச் சுவர் முதுகில் படுவதுபோல இருந்தது அவனுக்கு.

அரைமணி நேரம் கழித்து இருமல் அடங்கியது. மூச்சு இன்னும் மேலோட்டமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் ப்ரியம்வதா கிராஃப் தாளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“மிஸ்டர் மணிவண்ணன், நேரடியாவே கேக்கறேன். இந்த நம்பரெல்லாம் தினமும் பாத்து எழுதினதா, இல்ல வர்றதுக்கு முன்னால மொத்தமா உக்காந்து எழுதினதா?”

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் கறுத்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரு சக்கரத்துக்கும் தான் பொய்யாக எழுதியதில்லை என்றான். அப்படியானால் மருந்து உள்ளே போகவில்லை, வேறு காரணம் இருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவன் உடனே நீலா பக்கம் திரும்பினான்.

“மருந்து குடுக்கறது நீதான? சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள குடுத்துட்டேன் குடுத்துட்டேன்னு சொல்லுவியே. குடுத்தியா?”

“ஒரு வேள தப்பினது கெடையாது. சாமி சத்தியமா.”

“அப்ப எப்டி இந்த எண்பத்தி நாலு?”

“என்னக் கேட்டா? போன வாரமே சொன்னேன். நீங்க காதுல வாங்கினீங்களா?” நீலாவின் குரல் மெல்லியதாகத்தான் இருந்தது. “பூனக்குட்டின்னு சொன்னேன். தலகாணின்னு சொன்னேன். முள்ளு, முள்ளுன்னீங்க.”

“மெஷின உள்ள வெச்சதுதான். அன்னிக்கே நான் வெளிய…”

படுக்கையிலிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. சுஷ்மா மாஸ்க்கைக் கழற்றிக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் பையைக் காட்டி, அதை இழுத்து, உள்ளேயிருந்து வீட்டு மீட்டரை எடுத்தாள். மாஸ்க்கைப் போடு என்று டாக்டர் சொல்ல வாயெடுத்தார். சபீனா டாக்டரின் கையை லேசாகத் தொட்டாள். டாக்டர் நின்றார்.

பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கக்கூட இல்லை. இழுக்க அவளுக்கு முடியவும் இல்லை. நாக்கை மடித்துக் குழாயின் வாயை அடைத்தாள். கன்னத்தை உப்பினாள். புளியங்கொட்டையைத் துப்புகிற மாதிரி ஒரே ஒரு சொடுக்கு. தொப்பென்று சின்னச் சத்தம். முள் ஓடிப்போய் நின்றது.

இருநூற்று ஐம்பது.

விரலில் மாட்டியிருந்த கவ்வி தொண்ணூறைக் காட்டிக்கொண்டிருந்தது.

சுஷ்மா மீட்டரை அப்பாவிடம் நீட்டினாள். எப்போதும் தெலுங்கில் பதில் சொல்கிறவள், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, தமிழில் சொன்னாள். “அப்பா தப்பா எழுதல, மேடம். அம்மா மருந்து குடுத்தாங்க. நான்தான்.”

“எப்பலேர்ந்து?” என்று டாக்டர் கேட்டார்.

“மழ அப்போ. ஒருநாள் இருமல் வந்து தானா துப்பிட்டேன். நெறய போச்சு. அப்பா சிரிச்சாங்க.”

“கோ-கோ ஆடறதுக்கா கண்ணு?” என்று சபீனா கேட்டாள்.

“அதுவும்தான்,” என்றாள். பிறகு அப்பாவைப் பார்க்காமல், போர்வையைப் பார்த்துக்கொண்டு, “கம்மி வந்தா அப்பா மெஷின வெளிய போடுவாங்க. அம்மா பேசமாட்டாங்க. சாப்பிடறப்போ யாருமே பேசமாட்டாங்க.”

நீலா மாஸ்க்கை எடுத்து மகளின் முகத்தில் மறுபடி மாட்டினாள். நாடா சிக்கிக்கொண்ட தலைமயிரை ஒவ்வொன்றாக விலக்கினாள். புருஷனை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று மணிவண்ணனுக்கு இருந்தது. அவன் கையிலிருந்த மீட்டரைப் பையில் போட மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

தாழ்வாரத்தில் பெஞ்சு நிறைய பிள்ளைகளோடு தாய்மார்கள். ஒரு ஓரத்தில் குடிதண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை இறுக்கி மூடப் பார்த்தான். வாஷர் போயிருந்தது, நிற்கவில்லை. சபீனா வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். இது புதிதில்லை, நாலைந்து பிள்ளைகளைத் தானே பிடித்திருப்பதாகச் சொன்னாள். மூச்சே இல்லாவிட்டாலும் நாக்கால் முள்ளைத் தள்ளிவிட முடியும், ஆனால் புதுக் கருவியில் அது நடக்காது, முதல் தள்ளிலேயே தனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றாள்.

“நானு கேஜ் புடிச்சா அது பொய் சொல்லாதும்மா,” என்றான் மணிவண்ணன். வேறு எதையும் அவனால் அப்போது நினைக்க முடியவில்லை.

“சக்கரத்துக்கு உங்க மூஞ்சி தெரியாதுண்ணே,” என்றாள் சபீனா. “இவ ஊதிட்டு முள்ளப் பாக்கல. உங்களப் பாக்கறா. இங்க வந்ததுலேர்ந்து அப்டித்தான்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூக்கை உறிஞ்சினான். அவள் இன்னும் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, உள்ளே இன்னொரு பிள்ளை காத்திருக்கிறது என்று போய்விட்டாள்.

சுஷ்மாவை வார்டில் சேர்த்தார்கள். மூன்று நாள் நெபுலைசர், ஊசி, மாத்திரை. தடுப்பு மருந்து பழைய அளவுக்கும் மேலே போனது. இரண்டாம் நாள் டாக்டர் ப்ரியம்வதா படுக்கையருகே வந்து, கிராஃப் தாளைப் பார்த்து மருந்தைக் குறைத்ததில் தன் தப்பும் இருக்கிறது, கருவி சரியாகிற வரைக்கும் காத்திருந்திருக்க வேண்டும் என்று சொன்னார். ஒரு டாக்டர் இப்படிச் சொல்லி மணிவண்ணன் கேட்டதில்லை. அவர் போன பிறகும் அந்தச் சொல்லை அவன் உருட்டிக்கொண்டே இருந்தான். தானும் அதுபோல நீலாவிடம் சொல்ல வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. லாலாகூடாவிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் அவளுக்குப் பிடித்த மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்து நீட்டினான். அவள் வாங்கி ஜன்னல்மேல் வைத்தாள். எண்ணெய் ஊறிய காகிதம் அங்கேயே ஆறிக் கிடந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது, நீலாவே பேசினாள்.

“நூல் பிசிறு அவளுக்கு ஆகாதான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். தூசு எதுவா இருந்தாலும் கொஞ்சம் தொந்தரவுதானாம். ஈரத்துணியால தொடச்சு வெச்சா போதுமாம். டயர்ப் புகைதான் பெரிசாம்.” நிறுத்தினாள். “விஷம் வைக்கறேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“எனக்கு அது போகமாட்டேங்குது.”

“தெரீது.” அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். “குணா போன அன்னிக்கு எல்லாரும் எங்கம்மாவத்தான் கைகாட்டினாங்க. சுக்குக் காபி குடுத்தது அவங்கன்னு. அவங்க அப்புறம் அடுப்புக்கிட்டயே போகல ரொம்ப நாளு. நான் அதப் பாத்துக்கினுதான் வளந்தேன். அதையே நானும்…”

நீலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்துபோய்க் குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

நான்காம் நாள் காலை, வீட்டுக்கு அனுப்பும் முன் சபீனா வார்டுக்கு வந்தாள். புது மீட்டர் ஒன்று கொண்டுவந்திருந்தாள். அறையில் எல்லாரும் இருக்கும்போதே எப்படி ஊத வேண்டும் என்று முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொடுத்தாள். நாக்கு கீழே. உதடு சுற்றி. நெஞ்சு நிறைய இழு. இப்போது ஊது. பிறகு மீட்டரை மணிவண்ணனிடம் கொடுத்து, அவனையே பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

சுஷ்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தன் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். நேற்று ராத்திரி முழுக்க, எந்த எண் வந்தாலும் சிரிக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது சிரிப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவள் நெஞ்சு நிறைய இழுத்து ஊதினாள். சத்தமில்லாத, மெலிந்த ஊதல். முள் நகர்ந்து நின்றது.

நூற்று அறுபது.

பழக்கம் அவனை விடவில்லை. கண் தானாகவே நீலா பக்கம் ஓடியது. நேத்து ஜன்னலத் திறந்து வெச்சியா என்கிற கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சுஷ்மா அந்தக் கண்ணின் திருப்பத்தைப் பார்த்துவிட்டாள். அவள் தோள் லேசாக ஏறியது.

மணிவண்ணன் வாயை மூடிக்கொண்டான். மூக்கால் மூச்சை இழுத்து விட்டான். கட்டிலின் விளிம்பில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எவ்ளோ?” என்று அவளே கேட்டாள்.

“நூத்தி அறுபது.”

“தக்குவ.”

“ஹவ். ஆமா, கம்மிதான். நெஞ்சு வலிக்குதா?”

அவள் யோசித்தாள். யாரும் இதற்குமுன் கேட்காத கேள்வியைப்போல யோசித்தாள். “இங்க இறுக்கமா இருக்கு,” என்று நடுமார்பில் கைவைத்துக் காட்டினாள். “நேத்து மாதிரி இல்ல. படி ஏறினா வரும்.”

அவள் தன் உடம்பைப்பற்றி அவனிடம் இத்தனை சொல் பேசியதில்லை. அவன் கிராஃப் தாளை எடுத்தான். எண்ணை எழுதினான். பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே இருந்த காலி இடத்தில், நடுமார்பில் இறுக்கம், படி ஏறினால் அதிகம் என்று தமிழில் எழுதினான். பிறகு பேனாவை நீலாவிடம் நீட்டி, முதுகில் காது வைத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டதையும் எழுதச் சொன்னான்.

நீலா பேனாவை வாங்கவில்லை. முதலில் குனிந்து, மகளின் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, முதுகில் காதை வைத்தாள். வார்டில் வேறொரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அது அடங்குகிறவரைக்கும் அவள் காத்திருந்தாள். மணிவண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“இன்னும் ரெண்டு வாட்டி ஊதணும்,” என்றாள் சுஷ்மா, அம்மாவின் தலைக்கு மேலாக மீட்டருக்குக் கையை நீட்டியபடி.